தொட்டியா, கரையா, பள்ளமா? சித்தூர் வட்டத்துச் சிறு மீன் குளங்களுக்கு ஒரு கணக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடையே தென்னந்தோப்புகளுக்குள் நாங்கள் பதினொரு குடும்பங்கள் மீன் வளர்க்கிறோம். பெரிய குளம் 40 சென்ட், சிறியது 10 சென்ட். குஞ்சு வாங்குவது, வலை இழுப்பது, விற்பது எல்லாவற்றையும் சேர்ந்தே செய்வதால் சங்கத்தின் கணக்கில் கொஞ்சம் பணம் தங்கியிருக்கிறது. அதை எதில் போடுவது என்ற பேச்சு மாசி மாதத்திலேயே தொடங்கிவிட்டது. எங்களைப் போன்ற சிறு குளத்துக்காரர்கள் பாலக்காட்டின் இந்தக் கிழக்கு மூலை முழுக்க இருக்கிறார்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சிச் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே கேள்வி வரும் என்பதால் நாங்கள் யோசித்ததை எழுதுகிறேன்.

மூன்று யோசனைகள் வந்தன. இளையவர்கள் பயோஃபிளாக் தொட்டி, அதாவது காற்று ஊதிக்கொண்டே மீனை நெருக்கி வளர்க்கும் தொட்டி, வேண்டும் என்றார்கள். நடுவயதுக்காரர்கள் குளத்துக் கரையில் வாத்து, மாடு, தீவனப்புல் என்று சேர்த்துக் கூட்டுப் பண்ணையாக்கலாம் என்றார்கள். எங்களில் மூத்தவரான அத்தை ஒருவர், தோப்புகளுக்குப் பின்னால் ஓடும் பள்ளத்தின் இரு கரையிலும் ஊர் சேர்ந்து மரம் வைக்கலாம் என்றார். இந்தப் பக்கம் பள்ளம் என்றால் ஓடை. பள்ளத்துக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். அத்தை அதற்குப் பதில் சொல்லாமல், போன ஆண்டு எந்த மாதத்தில் மீனை விற்றோம், ஏன் அப்போது விற்றோம் என்று கேட்டார்.

மார்ச்சில் விற்றோம். குளத்தில் தண்ணீர் இல்லை.

கேரளம் என்றதும் வெளியூர்க்காரர்கள் நினைக்கும் மழை இங்கே பெய்வதில்லை. மாநிலத்தின் ஆண்டுச் சராசரி 3,000 மில்லிமீட்டரை ஒட்டியது. மழை மறைவில் கிடக்கும் வடகரைப்பதி, எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறைப் பஞ்சாயத்துகளுக்கு அதில் பாதிகூட வாய்ப்பதில்லை. கால்வாய்த் தண்ணீரும் எங்கள் கையில் இல்லை. 1970-ல் தமிழ்நாடும் கேரளமும் கையெழுத்திட்ட பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் சித்தூர்ப் புழை என்ற எங்கள் ஆற்றுக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். அது எந்த வாரத்தில் வரும் என்பது இரண்டு மாநில அதிகாரிகளின் பேச்சைப் பொறுத்தது. வந்தாலும் குடிநீருக்கும் நெல்லுக்கும் பிறகுதான் மீன் குளம்.

இதற்கு மேல் காற்று. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று, குளத்தைக் கண்ணெதிரே இறக்குகிறது. கோடையில் திறந்த நீர்ப்பரப்பு ஒரு நாளைக்கு 5, 6 மில்லிமீட்டர் ஆவியாகும். 100 நாளில் அரை மீட்டருக்கு மேல் போய்விடும். அடியில் கசிவது தனி. தையில் இரண்டு மீட்டர் நின்ற குளம் பங்குனியில் இடுப்பளவுக்கு வந்துவிடுகிறது. கெண்டை வகைகளுக்கு ஒன்றரை மீட்டராவது வேண்டும்.

ஆடியில் விட்ட கட்லாக் குஞ்சு ஒரு கிலோவைத் தொடப் பத்து, பன்னிரண்டு மாதம் ஆகும். மார்ச்சில் பிடித்தால் அரைக் கிலோ, முக்கால் கிலோதான். அதுவும் சுற்றியுள்ள குளங்கள் எல்லாம் ஒரே பதினைந்து நாளில் வற்றுவதால் எல்லாரும் ஒன்றாக வலை இழுக்கிறோம். வியாபாரி சொல்வதுதான் விலை. சித்திரை, வைகாசி வரை தண்ணீர் நின்றால் மீன் எடை கூடும், தேவைக்கு ஏற்ப வாரம் ஒரு தடவை பிடித்துக் கரையிலேயே உயிரோடு விற்கலாம். கடல் மத்தியும் அயலையும் பழகிய கேரளத்தில்கூட, துள்ளுகிற குளத்து மீனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் வந்து நிற்கிறது.

ஆகவே இரண்டு கேள்விகளை வைத்து மூன்று யோசனைகளையும் அளந்தேன். மே மாதத்துத் தண்ணீருக்கு இது என்ன செய்கிறது? இது தோற்றால் எவ்வளவு நேரத்தில் தோற்கும், இழப்பு யார் தலையில் விழும்?

நான்காவதாக ஆழ்துளைக் கிணறு என்றும் ஒருவர் சொன்னார். அதை நாங்கள் நீண்ட நேரம் பேசவில்லை. சித்தூர் ஒன்றியம் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்பட்ட பகுதியாக அரசின் கணக்குகளிலேயே இடம்பெற்றது. பக்கத்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்தில், பிளாச்சிமடையில், 2000-ல் தொடங்கிய குளிர்பான ஆலையால் கிணறுகள் கெட்டதும், 2002-ல் மயிலம்மா முதலான பழங்குடிப் பெண்கள் போராட உட்கார்ந்ததும், 2004-ல் ஆலை நின்றதும் இங்கே எல்லார் வீட்டிலும் தெரிந்த கதை. பக்கத்து வீட்டுக் குடிநீரை இழுத்து மீன் வளர்க்க எங்களுக்கு மனம் வரவில்லை.

தொட்டியை எடுத்துக்கொள்வோம். தண்ணீர்க் கேள்விக்கு நேரடியான பதில் இதுதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான்கு மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் 1.2 மீட்டர் உயரத்துக்கு நீர் நிரப்பினால் சுமார் 15,000 லிட்டர். மீன் கழிவிலும் மீந்த தீவனத்திலும் உள்ள தழைச்சத்தை, வெல்லப்பாகு போன்ற மாவுச்சத்தைச் சேர்த்து நுண்ணுயிர்க் கூட்டமாக மாற்றி, அதையே மீன் தின்னும்படி செய்வது இதன் நுட்பம். நீரை அடிக்கடி மாற்ற வேண்டாம். ஒரு கன மீட்டர் நீரில் 20 கிலோ வரையிலும் மீன் எடுக்கிறார்கள். நிலம் இல்லாதவருக்கு வீட்டு முற்றம் போதும்.

ஆனால் அவ்வளவு மீனும் அவ்வளவு நுண்ணுயிரும் ஒரே நீரில் மூச்சு விட வேண்டும். காற்று ஊதும் கருவி இரவும் பகலும் நிற்காமல் ஓட வேண்டும். நள்ளிரவில் மின்சாரம் போய், மாற்று ஏற்பாடு உடனே இயங்காவிட்டால், ஒரு மணி நேரத்துக்குள் தொட்டி முழுக்க மீன் மிதக்கும். எங்கள் ஊரில் மழை தொடங்கும் வாரங்களில் தென்னை மட்டை கம்பியில் விழுந்து மின்சாரம் போவது வழக்கம். இன்வெர்ட்டர், பேட்டரி, ஜெனரேட்டர் என்று போட்டால் செலவு வேறு கணக்காகிவிடுகிறது.

மானியம் இருக்கிறதே என்றார்கள். இருக்கிறது. 2020-ல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஏழு தொட்டி கொண்ட சிறிய பயோஃபிளாக் அலகின் மதிப்பு ஏழரை லட்சம் ரூபாய். பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம் மானியம். அப்படியானால் நாலரை லட்சமோ மூன்று லட்சமோ நம் கையிலிருந்து வர வேண்டும். மானியம் பெரும்பாலும் வேலை முடிந்த பிறகே வரும் என்பதால் முதலில் முழுத் தொகையையும் புரட்ட வேண்டும். பிறகு தீவனம். இப்படி நெருக்கி வளர்க்கும் முறையில் நடப்புச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது, அதன் விலையை நாம் தீர்மானிப்பதில்லை. கடன் ஒருவர் பெயரில், இழப்பு ஓர் இரவில். எனக்குத் தெரிந்த மூன்று பேரின் தொட்டிகள் இப்போது தண்ணீர் சேமிக்கப் பயன்படுகின்றன. உழைப்புக்கு அஞ்சாத பிள்ளைகள் அவர்கள். அதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

கரை யோசனையில் வியப்பு எதுவும் இல்லை. நம் தாத்தா காலத்திலிருந்து தெரிந்ததைக் கணக்கோடு செய்வதுதான். வேளாண் ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் அளவுகள் எக்டேருக்கு இருக்கும். 25 சென்ட் குளம் ஏறத்தாழ எக்டேரில் பத்தில் ஒரு பங்கு என்பதால் அப்படியே பத்தால் வகுத்துக்கொள்ளலாம். எக்டேருக்கு 200 முதல் 300 வாத்து என்றால் நமக்கு 20 முதல் 30. கோழி என்றால் 50, 60. மாடு எக்டேருக்கு மூன்று நான்கு போதும் என்கிறார்கள். நம் வீட்டில் நிற்கும் ஒரு மாட்டின் சாணத்தில் பாதிகூடக் குளத்துக்குத் தேவைப்படாது என்று அர்த்தம். எல்லாச் சாணத்தையும் கொண்டுபோய்க் கொட்டியவர்களின் குளத்தில்தான் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. சூரியன் உதிக்கும் முன்புதான் நீரில் உயிர்வளி (ஆக்சிஜன்) மிகக் குறைவாக இருக்கும். ஆனால் இங்கே தவறு நடந்தால் அன்றைக்குச் சாணத்தை நிறுத்தி, பம்பைப் போட்டு நீரைச் சுழற்றிப் பல நேரம் மீட்டுவிடலாம். தொட்டி தராத அவகாசத்தைக் குளம் தருகிறது.

இந்த முறையில் ஒன்றின் கழிவு மற்றதற்குச் சாப்பாடு. வாத்தின் எச்சம் நீரில் நுண்ணுயிரை வளர்க்கிறது, அதை மேல்மட்டத்தில் கட்லாவும் நடுவில் ரோகுவும் எடுத்துக்கொள்கின்றன, அடியில் மிர்கால் மேய்கிறது. கரையில் வைத்த தீவனப்புல்லை மாடும் தின்னும், புல் கெண்டையும் தின்னும். கோடையில் அள்ளும் வண்டல் தென்னைக்கு எரு. தோப்புக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: குளத்து நீரைச் சொட்டுநீர்க் குழாயில் விட்டால் பாசி அடைத்துக்கொள்ளும். வடிகட்டி வைக்க வேண்டும், அல்லது வாய்க்கால் வழியாகவே பாய்ச்ச வேண்டும். இன்னொன்று, 2016 முதல் இந்தப் பக்கத் தென்னையைப் பிடித்திருக்கும் வெள்ளை ஈக்கு மருந்து தெளித்தவர்கள், அந்தத் தண்ணீர் குளத்தில் வடியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்து பட்ட மட்டையைக் குளத்தில் கழுவிப் பாதிக் குஞ்சை இழந்த குடும்பம் எங்கள் பதினொன்றில் ஒன்று.

மே மாதத்துத் தண்ணீருக்குக் கரை என்ன செய்யும்? நேராகப் பெரிதாகச் செய்யாது. சாணமும் சேறும் படியப் படிய அடியின் கசிவு குறையும், அதனால் வண்டல் அள்ளும்போது மேல் சேற்றை மட்டும் எடுத்துவிட்டு அடியில் இறுகியதை விட்டுவைக்க வேண்டும். வெட்டிவேர் வைத்த கரை மழையில் சரியாது. இவற்றைவிட முக்கியமான பலன் வேறொன்று. முட்டையும் பாலும் வாரந்தோறும் கையில் காசு தருவதால், மார்ச்சில் வந்த விலைக்கு மீனைக் கொடுத்துவிட வேண்டிய அவசரம் இல்லாமல் போகிறது. இரண்டு வாரம் காத்திருக்க முடிகிற குடும்பம் வியாபாரியிடம் வேறு குரலில் பேசுகிறது.

இதன் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். பறவைக் காய்ச்சல் வந்தால் வாத்து போய்விடும். ஆலப்புழைப் பக்கம் 2014-லும் 2021-லும் 2024-லும் ஆயிரக்கணக்கில் வாத்துகளை அழித்தார்கள். அதனால்தான் எல்லாரும் வாத்தையே பிடித்துக்கொள்ளாமல், பாதிப் பேர் மாடும் புல்லும், மீதிப் பேர் வாத்து என்று பிரித்துக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன். வாத்து இருக்கும் குளத்தில் பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சு விடக்கூடாது, வாத்து அதைத் தின்றுவிடும். இந்தப் பத்து சென்டிமீட்டரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். நெல் வயல் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2008-ன் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் வயலை வெட்டிக் குளமாக்கிவிட முடியாது. நெல்லுக்குப் பின் இடைப் பயிராக மீன் விடுவது வேறு.

இனி பள்ளம். அத்தை சொன்னதை நான் கடைசியில்தான் புரிந்துகொண்டேன். அதற்கு அட்டப்பாடி உதவியது. கோவை எல்லையை ஒட்டிய அந்த மலைப் பகுதியின் கிழக்குச் சரிவும் எங்களைப் போலவே மழை மறைவு நிலம். காடு அழிந்து மொட்டையாகிப்போன அங்கே 1990-களின் நடுவிலிருந்து ஜப்பானியக் கடனுதவியோடு ஒரு மீட்புத் திட்டம் நடந்தது. மரம் நட்டதோடு நிற்காமல் ஓடைகளில் தடுப்பணை கட்டி, சரிவுகளில் மண்ணைத் தடுத்து, ஊர்தோறும் குழு அமைத்து, அங்கேயே வாழும் இருளர் முதலான மக்களைக் கூலிக்கு வைத்துக் காவல் காத்தார்கள். வறண்டு கிடந்த கொடுங்கரைப்பள்ளத்தில் மீண்டும் நீர் ஓடியது. அங்கே எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், நடுவதற்கு ஒரு நாள் போதும், காப்பதற்குத்தான் கூலி வேண்டும் என்று சொன்னது மனதில் நிற்கிறது.

ஆனால் அட்டப்பாடி ஒரு மலை முழுக்க நடந்த வேலை. எங்கள் பள்ளத்தின் ஒரு கிலோமீட்டர் கரையில் மரம் வைத்தால் ஊரின் நிலத்தடி நீர் ஏறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மரமும் தண்ணீர் குடிக்கும். வேகமாக வளர்கிறது என்று தைல மரத்தை வைத்தால் இருப்பதும் போகும். கரையோர மரங்களால் நமக்கு உறுதியாகக் கிடைப்பவை சில உண்டு. கிழக்குக் காற்றின் வேகம் குறையும், காற்று குறைந்தால் குளத்தின் ஆவியாதலும் குறையும். மழை வெள்ளம் கொண்டுவரும் மண்ணும் தோப்பு மருந்தும் வேர்களிலும் புல்லிலும் வடிகட்டப்பட்டு வரும். குறுக்கே நாலைந்து இடத்தில் கல் தடுப்பு போட்டால் மழை நீர் சில வாரம் கூடுதலாக நின்று பக்கத்துக் குளங்களின் கசிவை மட்டுப்படுத்தும். பலன் தெரிய ஐந்து ஆண்டாவது ஆகும்.

எந்த மரம் என்பதில் சண்டையே வந்தது. நீரோரத்தில் நீர்மருது, நாவல், புங்கன், மேட்டில் வேம்பு, இலுப்பை, உசில், வெளி வரிசையில் பனை என்று முடிவானது. பனை காய்க்கப் பதினைந்து ஆண்டு ஆகலாம், ஆனால் இந்த வறட்சியில் தானே நிற்கக்கூடியது அதுதான், பாலக்காட்டின் கிழக்குக்கு அடையாளமே அது. மூங்கில் எனக்குப் பிடிக்கும், ஆனால் வாளையாறு, கஞ்சிக்கோடு பக்கத்துக்காரர்கள் அதை வைக்க வேண்டாம், யானையை ஊருக்குள் அழைத்ததாகிவிடும். குளத்துக் கரை மேலேயே பெரிய மரம் எதையும் வைக்கக்கூடாது. வேர் கரையைப் பிளக்கும், உதிரும் இலை அழுகி உயிர்வளியைத் தின்னும். மரம் பள்ளத்துக் கரையில், புல்லும் முருங்கையும் வாழையும் குளத்துக் கரையில்.

பள்ளத்தின் கரை புறம்போக்கு. பஞ்சாயத்தின் அனுமதி வேண்டும், கிராம சபையில் தீர்மானம் வேண்டும். அந்தத் தீர்மானத்தில் நாவல் பழமும் புங்கன் விதையும் நுங்கும் யாருக்கு என்பதை இப்போதே எழுதிவிட வேண்டும். ஆடு மேய்ப்பவர்களைக் கூப்பிட்டுப் பேசாமல் முள் வேலி போட்டால் அது ஒரு மாதம்கூட நிற்காது. அவர்களுக்கு ஒரு பக்கக் கரையை இரண்டு ஆண்டுக்குத் திறந்துவிட்டு, மறுபக்கத்தில் முதலில் நடுவது என்று பேசியிருக்கிறோம். குழி வெட்டும் வேலைக்கு அரசின் ஊரக வேலைத் திட்டத்தைக் கேட்கலாம், கன்றுகளுக்கு வனத்துறையின் நாற்றங்காலைக் கேட்கலாம். சங்கத்தின் பணம் இவற்றுக்குத் தேவைப்படாது. முதல் இரண்டு கோடையிலும் தண்ணீர் ஊற்றும் கூலிக்குத்தான் தேவைப்படும்.

அந்தத் தண்ணீர்தான் எல்லாரையும் பயமுறுத்தியது. குளத்துக்கே இல்லை, மரத்துக்கு எங்கே போவது என்று கேட்டார்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 300 கன்றுக்கு வாரம் பத்து லிட்டர் வீதம் 3,000 லிட்டர். 25 சென்ட் குளத்தின் பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டர். அதிலிருந்து 3,000 லிட்டர் எடுத்தால் நீர்மட்டம் மூன்று மில்லிமீட்டர் இறங்கும். வெயிலும் காற்றும் அரை நாளில் குடிப்பது அவ்வளவு. ஜனவரி முதல் மே வரை ஏறத்தாழ இருபது வாரம். பதினொரு குளமும் முறை வைத்துக்கொண்டால் ஒரு குளத்துக்கு இரண்டு முறை வரும். ஒரு கோடை முழுவதற்கும் 25 சென்ட் குளம் ஒன்று கொடுப்பது ஒரு நாள் வெயிலின் அளவு. இதை எழுதிக் காட்டியபோது கூட்டத்தில் யாரும் பேசவில்லை. நான் அன்றைக்குத்தான் அத்தையின் பக்கம் போனேன்.

இப்போது மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். தொட்டி தோற்க ஒரு மணி நேரம், கரை தோற்க ஒரு பருவம், பள்ளம் தோற்க இரண்டு கோடை. தொட்டியின் இழப்பு கடன் வாங்கியவருக்கு, கரையின் இழப்பு அந்தந்த வீட்டுக்கு, அதுவும் பாதிதான், மீன் போனாலும் மாடு நிற்கும். பள்ளத்தின் இழப்பு பதினொரு பேருக்கும் பிரிந்து விழும். லாபத்தில் வரிசை தலைகீழ்: தொட்டி ஆறு மாதத்தில் பணம் காட்டும், பள்ளம் பல ஆண்டு காட்டாது. கரையில்லாமல் பள்ளத்தைப் பிடித்தால் நடுவில் பசி வந்து கைவிடுவோம். பள்ளமில்லாமல் கரையை மட்டும் பிடித்தால் ஒவ்வொரு மார்ச்சிலும் அதே வியாபாரியிடம் நிற்போம். ஆகவே பணத்தில் பாதியைக் கரைக்கும், கால் பங்கைப் பள்ளத்தின் இரண்டு கோடைக் கூலிக்கும் ஒதுக்கச் சொன்னேன்.

மீதிக் கால் பங்கில் ஒரே ஒரு தொட்டி கட்டலாம் என்பதும் என் யோசனை. இளையவர்கள் கேட்ட வகையில் அல்ல. ஆந்திரத்தில் கொல்லேறு ஏரியைச் சுற்றியுள்ள பண்ணைகளில் குஞ்சுகளை நெருக்கி வைத்து வளர்ச்சியை அடக்கி, அடுத்த பருவத்தில் பெருங்குளத்தில் விடுகிறார்கள். இடம் கிடைத்ததும் அவை மிக வேகமாக வளரும். நம் தொட்டியிலும் ஆவணியில் வாங்கிய சிறு குஞ்சை வைத்துக் கோடையைத் தாண்டிவிட்டால், ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழை விழுந்த உடனே பத்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட குஞ்சு குளத்துக்குத் தயார். வாத்தும் அதைத் தின்னாது, மார்ச்சுக்குள் ஒரு கிலோவும் வந்துவிடலாம். 15,000 லிட்டரில் 1,500 சிறு குஞ்சு என்றால் ஒரு கன மீட்டருக்கு ஒன்றிரண்டு கிலோதான். சில மணி நேரம் மின்சாரம் போனாலும் தாங்கும். தொட்டி வேண்டும் என்று கேட்ட தம்பிகளிடமே இதன் பொறுப்பு.

குளமே இல்லாத, வீட்டு மனை மட்டும் உள்ள குடும்பம் கேட்டால் என் பதில் வேறாக இருக்கும். அவர்கள் தொட்டியை நினைக்கலாம். ஏழு வேண்டாம், ஒன்றில் தொடங்கட்டும், மின்சாரம் போனால் ஓடும் மாற்று ஏற்பாட்டைத் தொட்டிக்கு முன்பே வாங்கட்டும். அடியில் சரளை மண் உள்ள குளத்துக்காரர்கள் எதையும் தொடங்கும் முன் களிமண்ணோ விரிப்போ போட்டுக் கசிவை அடைக்கட்டும், அங்கே வாத்து வாங்குவதில் பயனில்லை.

கிராம சபைக்கு மனு கொடுத்தாயிற்று. ஆட்டுக்காரர்களில் இரண்டு பேர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அடுத்த வாரம் மறுபடி போகிறோம். தண்ணீர் ஊற்றும் முறைப் பட்டியலை அத்தைதான் எழுதினார். ஜனவரி முதல் வாரம் எங்கள் குளம், இரண்டாம் வாரம் அவருடைய 10 சென்ட் குளம். அது சிறியது, விட்டுவிடலாம் என்றோம். அவர் பெயரை அடிக்க விடவில்லை.